இரவல் மூக்கு

மூக்கு போன விஷயத்தை ஓல்டா பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, ரதிமிடம் சொன்னான். மனுஷன் செய்த முதல் மடத்தனம் அதுதான். மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

இரண்டு வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. பிரெஸோவ்கா ஊரே இருமிக்கொண்டு கிடந்தது. எல்லோருக்கும் குணமானது, ஓல்டாவுக்கும் குணமானது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. காபியும் ஒன்றுதான், கழுநீரும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. நாக்குக்குக் கசப்பு தெரியும், இனிப்பு தெரியும், உப்பு தெரியும். அதோடு சரி.

வீடுகளுக்குக் கணப்படுப்பு கட்டிக் கொடுக்கிற கொத்தனாருக்கு மூக்கு போனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். ஆனால் ஊரில் யாரும் அவனைக் கொத்தனார் என்று சொல்வதில்லை. பீர் ஓல்டா என்றுதான் பெயர். பாதி ஊர் ஆண்கள் வண்டிக் கொட்டகையிலும் துணி துவைக்கிற அறையிலும் அண்டா வைத்துப் பீர் காய்ச்சுகிறவர்கள். யாருடைய பீராவது கோணலாகப் போனால் ஒரு குவளை எடுத்துக்கொண்டு 'கலைமான்' மதுக்கடையின் பின்னறைக்கு வருவார்கள். ஓல்டா ஒரே ஒரு தடவை முகர்வான். குழாயைக் கழுவு என்பான், மால்ட்டை ஈரத்தில் வைத்திருக்கிறாய் என்பான், ஈஸ்ட் செத்துப்போயிருக்கிறது என்பான். சொன்னது சொன்னபடி இருக்கும். அப்படிப்பட்டவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எனக்கு வாசனையே தெரியவில்லை என்று சொல்லுவான்?

அதனால் காளான் பொறுக்கப் போன இடத்தில், மரத்துக்கு நடுவே, யாரும் இல்லாதபோது ரதிமிடம் சொன்னான். ரதிம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பட்டாளத்தில் ஒரே அறையில் படுத்த காலத்திலிருந்து சிநேகம். ஓல்டா அண்டாவைத் தூக்கினால் மறுகாதைப் பிடிக்கிறவன் எப்போதும் ரதிம்தான். அவன் வீட்டில் ஒரு பானைகூடக் கிடையாது. காய்ச்சத் தெரியாது, ஆனால் ருசி பார்க்கத் தெரியும். ஓல்டா சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை.

"என் மூக்கு சும்மாதானடா இருக்கு, எடுத்துக்கோ," என்றான்.

ஓல்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காளான் கூடையைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டான்.

அன்றிலிருந்து நாடகம் ஆரம்பமானது. பின்னறையில் யாராவது குவளையை நீட்டினால் ஓல்டா ஒப்புக்கு முகர்ந்துவிட்டு ரதிமிடம் தள்ளுவான். ரதிம் வேடிக்கை பேசுகிறவன்போல, "எங்க தாத்தாவோட ஈரச் சாக்ஸ் ஞாபகம் வருது," என்று ஏதாவது சொல்வான். அதைப் பிடித்துக்கொண்டு ஓல்டா மீதியை விஸ்தாரமாகச் சொல்லுவான். ஒரு பயலுக்கும் சந்தேகம் வரவில்லை.

வருஷா வருஷம் வசந்தத்தில் தீயணைப்புப் படை மண்டபத்தில் வீட்டு பீர்ப் போட்டி நடக்கும். ஜெயித்தவனுக்குக் கோப்பை கீப்பை ஒன்றும் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் உண்டு. அவனுடைய பீரை ஊர் பீர் ஆலையில், அந்தப் பெரிய செப்புக் கொப்பரையில், அவனையே நிற்க வைத்துக் காய்ச்சுவார்கள். கோடை முழுக்க அது கலைமானில் ஊற்றப்படும். பலகையில் அவன் பெயர் இருக்கும். ஓல்டா இரண்டு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறான். இந்தத் தடவை அவன் ஒன்று தீர்மானித்திருந்தான்: ஜெயித்தால் நான் இன்னும் பீர் ஓல்டா, தோற்றால் அண்டாக்களை விற்றுவிட்டுக் கொத்தனாராகவே சாகிறேன். இதையும் ரதிமிடம்தான் சொன்னான்.

போட்டிக்கு அவன் காய்ச்சியது வெளிர் பன்னிரண்டு, அதாவது பன்னிரண்டு டிகிரி வெளிர் நிற பீர். அந்த ஊர்க்காரர்களுக்கு பீர் என்றாலே அதுதான். முளைகட்டிய பார்லியான மால்ட்டின் கஞ்சியில் மூன்றில் ஒரு பங்கை அள்ளித் தனியாகக் கொதிக்கவிட்டுத் திரும்பக் கொட்ட வேண்டும், அதையே மறுபடியும் செய்ய வேண்டும். சோம்பேறிகள் இப்போது இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஓல்டா விடவில்லை. ஒரே கொதி, இரண்டு எஃகுப் பீப்பாய். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று நிலவறையில்.

ஃபிரிட்ஜ் பீப்பாயில் அவன் கை தவறிவிட்டது. ஈஸ்டர் பண்டிகைக்கான இறைச்சியைப் பெண்டாட்டி யர்மிலா அதே ஃபிரிட்ஜில் வைக்க, கெட்டுப்போகக் கூடாதே என்று குளிரைக் கூட்டினான். ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்கு முன்னால் குளிர வைத்தால் பீரில் வெண்ணெய் வாடை நின்றுவிடும். வீட்டில் பீர் காய்ச்சுகிற எவனுக்கும் இது தெரியும். நிலவறைப் பீப்பாய் மட்டும் யாரும் தொடாமல் தன்பாட்டுக்கு அடங்கியிருந்தது. ஆகவே போட்டிக்கு நிலவறைப் பீர்தான் என்று ஓல்டா மனதுக்குள் முடிவு செய்திருந்தான்.

ரதிம் நிலவறைக்கு வந்தான். முதலில் நிலவறைப் பீர். குவளைக்குள் மூக்கை விட்டவன் வெகுநேரம் எடுக்கவே இல்லை. ஒரு வாய் குடித்தான், இன்னொரு வாய் குடித்தான். பிறகு குவளையைக் கீழே வைத்தான்.

"கெட்டுப்போச்சுடா ஓல்டா. வெண்ணெய். சினிமாக் கொட்டகைப் பாப்கார்ன் மாதிரி நாறுது."

ஃபிரிட்ஜ் பீரை முகர்ந்துவிட்டு, இது பளிங்கு, கண்ணை மூடிக்கொண்டு இதை அனுப்பு என்றான். நான் நினைத்ததற்குத் தலைகீழாக இருக்கிறதே என்று ஓல்டா இழுத்தான்.

"அப்ப உன் மூக்கையே கேட்டுக்கோயேன்," என்று சொல்லிச் சிரித்தான் ரதிம்.

ஓல்டாவும் சிரித்தான். வேறு என்ன செய்வான்? நிலவறைப் பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனபோது ரதிம் தடுத்தான். என் மாமியாருக்குக் கொடு, பன்றித் தொடையை ஊறப் போடுவாள், இவ்வளவையும் கொட்டினால் பாவம் என்றான். இரண்டு பேருமாகத் தூக்கி ரதிமின் காரில் ஏற்றினார்கள். உருளாமல் இருக்க ஓல்டாதான் பழைய போர்வையை மடித்துப் பக்கத்தில் முட்டுக் கொடுத்தான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்கிறோமே, இவன் கழுத்துக்குத் தலையணையையும் தானே வைத்துக் கொடுத்தான்.

போட்டிக்கு மூன்று பழுப்புப் பாட்டில்கள் கொடுக்க வேண்டும். லேபிள் இருக்கக் கூடாது, மூடியில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. வாங்குகிற அம்மாள் ஒரு எண்ணை ரப்பர் வளையத்தில் மாட்டிவிடுவாள். அப்புறம் அது யார் பீர் என்று கடவுளுக்கும் அவளுக்கும்தான் தெரியும். தலைமை நடுவர் ஊர் பீர் ஆலையில் காய்ச்சுகிறவர்களுக்கெல்லாம் தலைவியான ஹவ்ரான்கோவா அம்மாள். தாட்சண்யம் என்றால் என்னவென்றே தெரியாத பெண்மணி. கழித்துக்கட்டிய பீர்களை எண்ணைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, மண்டபம் கேட்க அறிவிப்பது அவர் வழக்கம். கழிக்கப்பட்டவன் தன் எண்ணைக் கேட்டு முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் அங்கே ஆண்மை.

முதல் சுற்றிலேயே அந்த அம்மாள், "பதினேழு. வெண்ணெய். ஈஸ்ட் வேலைய முடிக்கிறதுக்குள்ள யாரோ அதைக் குளிர்ல தூங்கப் போட்டுட்டாங்க. ரொட்டியில தடவலாம், குடிக்க முடியாது," என்றார்.

மண்டபம் சிரித்தது. ஓல்டாவும் கூடவே சிரித்தான், பதினேழு அவனுடைய எண் என்பதால். ரதிமைத் தேடினான். ரதிம் தூரத்தில், தீயணைப்பு ஆட்களோடு நின்று எண்ணெயில் ஊறிய பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டிருந்தான். பாவம், அவனுக்கும் அந்தக் காய்ச்சலின் மிச்சம் ஏதாவது மூக்கில் இருக்குமோ என்றுதான் அப்போதும் இந்த வெள்ளை மனசுக்காரன் நினைத்தான்.

கடைசியில் ஜெயித்த பெயரை அறிவித்தார்கள். ரதிம்.

ஓல்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஊரில் வேறு ரதிம் யாராவது இருக்கிறானா என்று யோசித்தான். மேடையில் ஏறியது இந்த ரதிம்தான். ரகசியமாகக் கற்றுக்கொண்டேன், என் நண்பனுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன் என்று அங்கே சொன்னான். எல்லோரும் ஓல்டாவைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ஓல்டாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஜெயித்த பீரைச் சின்னக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். ரதிம் குவளையோடு வந்து முட்டினான். குவளையை முட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த மரியாதை. ரதிம் ஓல்டாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

ஓல்டா குடித்தான். வாசனை இல்லை. ஆனால் கசப்பு முதலில் ஒன்றும் தெரியாததுபோல் இருந்து, விழுங்கிய பிறகு தொண்டையின் பின்பக்கம் மெதுவாக ஏறி, அங்கேயே நின்றது. அந்தக் கசப்பை அங்கே நிற்க வைப்பதற்கு அவன் எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறான்! பக்கத்தில் யர்மிலா ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையை மேஜைமேல் வைத்தாள். அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இது நம்ம நிலவறையில இருந்தது."

தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் வைத்து ரதிமைப் பிடித்தான் ஓல்டா. அடிக்கத்தான் போனான். போய் நின்றதும் கை எழவில்லை. ஏன்டா என்று மட்டும் கேட்டான்.

ரதிம் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இத்தனை வருஷமாக அண்டாவின் மறுகாதைப் பிடித்தவன் பெயர் எங்கேயாவது வந்ததா என்று கேட்டான். ஓல்டாவின் பீர், ஓல்டாவின் பீர் என்றே ஊர் சொல்கிறது, ரதிம் என்கிறவன் பக்கத்தில் நிற்கிற தூண் என்றான்.

"காய்ச்சினது நீதான், இல்லேங்கல. ஆனா அது நல்ல பீர்னு கண்டுபிடிச்சது யாரு? நான். உனக்கு ரெண்டும் கசப்புத் தண்ணிதானேடா. எதை அனுப்பினா உனக்கென்ன?"

ஓல்டாவுக்கு அந்த இடத்தில் கண்ணீர் வந்துவிட்டது. காட்டில் வந்த கண்ணீர் வேறு, இது வேறு. தன் ஊனத்தை நம்பி ஒருவன் கையில் ஒப்படைத்தால், அவன் அதையே எடுத்து முகத்தில் அடிக்கிறான். வேறொருவன் பீரைத் திருடியிருந்தால் திருட்டு என்று விட்டுவிடலாம். இது திருட்டு இல்லை, துரோகம்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் ரதிம் வீட்டுக்கே வந்தான். வந்து நிற்க வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. சனிக்கிழமை ஆலையில் அந்த அம்மாளுக்கு முன்னால் நின்று அவன் காய்ச்ச வேண்டுமாம். கஞ்சியை எப்போது அள்ளுவது, எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது, ஒன்றும் தெரியாது. நீ துணைக்கு வந்து நில், பலகையில் இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொல்கிறேன் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீ எதையாவது வெளிய சொன்னா நானும் சொல்ல வேண்டியிருக்கும் ஓல்டா. பின்னறையில ரெண்டு வருஷமா தீர்ப்பு சொன்னது யாரு மூக்குன்னு. யோசிச்சுக்கோ."

ரதிம் போன பிறகு ஓல்டா சமையலறையில் உட்கார்ந்தான். யர்மிலா மாவு உருண்டைகளைத் துணியில் சுற்றிக் கொதிநீரில் விட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும், வீடு அவ்வளவு சின்னது. ஓல்டாவுக்குத் திடீரென்று அவள்மேல் கோபம் வந்தது. ரதிம்மேல் காட்ட முடியாத கோபம் அது. அந்தப் பீப்பாயின் ருசி உனக்குத் தெரிந்திருக்கிறதே, நல்ல பீர் என்று தெரிந்தும் அவன் காரில் ஏற்றும்போது வாயை மூடிக்கொண்டா இருந்தாய் என்று கத்தினான்.

யர்மிலா கரண்டியை வைத்தாள்.

முட்டைக்கோஸில் ஊற்ற ஒரு குவளை பிடித்தேன், நன்றாகத்தான் இருந்தது என்றாள். அவன் தூக்கிக்கொண்டு போனபோது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் இரண்டு பேருக்கு நடுவில் நான் எப்போது வந்தேன், அன்றைக்கு வர? இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை.

"அடுப்புல பால் தீஞ்சு வீடெல்லாம் புகை. நீ பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்த. அன்னைக்கே எனக்குத் தெரியும் ஓல்டா. இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பார்த்துட்டே இருந்தேன். கடைசில நீ ரதிம்கிட்ட சொன்னத அவன் பொண்டாட்டி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். ரொட்டிக் கடை வரிசையில."

யர்மிலா கரண்டியை மறுபடியும் எடுத்தாள்.

"என் முகத்துலயும் ஒரு மூக்கு இருக்கு. ஒரு நாளாவது அந்தக் குவளைய இந்தப் பக்கம் நீட்டினியா?"

உருண்டைகளை எடுத்து நூலால் அறுத்துத் தட்டில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தன்னை ஒருவன் ஏமாற்றினான் என்று இரண்டு நாளாக வெந்துகொண்டிருந்தவனுக்கு, தான் ஒருத்தியை இரண்டு வருஷமாக ஏமாற்றியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் ஓல்டா வேலைக்குப் போகவில்லை. நேரே பீர் ஆலைக்குப் போய் ஹவ்ரான்கோவா அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மூக்கு போனதை, பின்னறை நாடகத்தை, பீப்பாயை. ரதிம் மிரட்டினானே, அந்த ஆயுதத்தைத் தானே எடுத்துத் தன்மேல் குத்திக்கொண்டான். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். ரதிமுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, கஞ்சியை எத்தனை தடவை அள்ளிக் கொதிக்க வைத்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரதிம் கொப்பரையைப் பார்த்தான், ஓல்டாவைப் பார்த்தான், உத்தேசமாக நாலைந்து தடவை என்றான். அதோடு அவன் கதை முடிந்தது.

பரிசு ஓல்டாவுக்கு வருமா என்றால், வரவில்லை. உன் பெயரில் வந்தது வெண்ணெய் பீர், நான் அதற்குத்தான் தீர்ப்பு சொல்ல முடியும் என்றார் அந்த அம்மாள். இரண்டாவதாக வந்த பல் வைத்தியருக்குப் போயிற்று. கோடை முழுக்கக் கலைமானில் அவர் பீர்தான் ஓடியது. பின்னறையில் ஓல்டாவிடம் யாரும் குவளை நீட்டுவதில்லை. நீட்டாததோடு நின்றாலும் பரவாயில்லை, அவன் உள்ளே நுழைந்தால் எழுந்து நாற்காலி போட்டார்கள், நோயாளிக்குப் போடுவதுபோல. ரதிம் அந்தப் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்தியிருந்தான். தெருவில் எதிர்ப்பட்டால் ஓல்டாதான் திரும்பிக்கொண்டான். முகத்தைப் பார்த்தால் பட்டாளத்து ஞாபகமெல்லாம் வந்து தொலைத்தது.

அண்டாக்களை மட்டும் அவன் விற்கவில்லை. விற்கத்தான் இருந்தான், யர்மிலா விடவில்லை. இலையுதிர் காலத்தில் மறுபடியும் ஒரு வெளிர் பன்னிரண்டு காய்ச்சினான். இந்தத் தடவை அண்டாவின் மறுகாதைப் பிடித்தவள் அவள்தான். பீர் அடங்கியதும் நிலவறையில் ஒரு குவளை பிடித்து, நுரை வழிய அவளிடம் நீட்டினான். நீட்டும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

யர்மிலா வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் பொய் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றான் ஓல்டா.

அவள் குவளையை வாங்கி முகர்ந்தாள். குடித்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். அவள் முகம் வாடியதை அந்த மங்கிய வெளிச்சத்திலும் பார்க்க முடிந்தது. நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டிருப்பாள்.

"கெட்டுப்போச்சு ஓல்டா," என்றாள். "புளிச்ச வாடை வருது. குழாய் சரியாக் கழுவலயோ என்னவோ."

ஓல்டா தலையாட்டினான். பீப்பாயைச் சாக்கடைத் துளைக்கு உருட்டிக்கொண்டு போய் மூடியைத் திறந்து சாய்த்தான். பீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பாதி போயிருக்கும். அவன் கை நின்றுவிட்டது. அவனாக நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கெட்டுப்போச்சு என்ற அதே வார்த்தையை, இதே இடத்தில் நின்றுகொண்டு, ரதிமும் சொன்னான்.

ஒரு மூச்சு நேரம்தான். உடனே மறுபடியும் சாய்த்தான். ஆனால் யர்மிலா அதைப் பார்த்துவிட்டாள். குவளையைப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். மிச்சப் பீரையும் ஓல்டா தனியாக நின்று கொட்டினான்.